எட்டரைக்கு நாலு இட்லி, பதினொன்றுக்கே பசி: கிரெலின்தான் காரணமா?

மாட்டுத்தாவணியான்:
காலை எட்டரைக்கு நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. பதினொன்றுக்கெல்லாம் கபகபன்னு பசிச்சு, கை வடைக்குப் போகுது. கிரெலின் ஹார்மோன் பண்ற வேலைங்கிறாங்க. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா இறங்குமா?

வைகைக்கரை:
தண்ணிக்கெல்லாம் அது மசியாது அண்ணே. கிரெலின் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. தண்ணீரால் இரைப்பை விரிந்தால் ‘நிறைஞ்சிருச்சு’ என்று நரம்பு வழியே மூளைக்குச் சேதி போகும். அது வேறு கணக்கு. கிரெலின் இறங்க, சத்து குடலுக்குள் போக வேண்டும்.

இட்லியின் மாவுச்சத்து கிரெலினைச் சட்டென்று இறக்கும், சட்டென்று ஏறவும் விட்டுவிடும். புரதம்தான் நெடுநேரம் அமுக்கி வைக்கும். கொழுப்பு இந்த வேலையில் மந்தம். சட்னியில் தேங்காயைக் கூட்டிப் பயனில்லை. நாலு இட்லியில் புரதம் 6 முதல் 8 கிராம்தான். ரெண்டு இட்லி, ரெண்டு அவித்த முட்டை (ஒன்றுக்கு 6 கிராம்) என்று மாற்றினால் 15-ஐத் தொடும். சைவமென்றால் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். சாம்பாரையும் மேலாக மொள்ளாமல், கலக்கிவிட்டு அடிப்பருப்போடு ஊற்றுங்க.

தூங்காநகர்:
தூக்கத்தையும் பாருங்க. 2004-ல் வந்த ஓர் ஆய்வில் 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். 10 மணி நேரம் படுத்தபோது இருந்ததைவிட கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. பசியடக்கும் லெப்டின் 18 சதவீதம் குறைவு. நம்ம ஊரில் நடுராத்திரி கொத்துப் பரோட்டா சத்தம் இழுப்பதில் இதற்கும் பங்குண்டு.

மாட்டுத்தாவணியான்:
கிரெலினைக் குறைக்கிற பொடின்னு விளம்பரம் வருதே?

வைகைக்கரை:
காசைக் கரியாக்காதீங்க. பருமனானவர்களுக்குக் கிரெலின் பொதுவாகவே குறைவு. உணவைக் குறைத்து மெலிந்தால்தான் ஏறி, போன எடையைத் திருப்பிக் கேட்கும். இன்னொன்று, அது நேரம் பழகும். தினமும் பதினொன்றுக்கு வடை கொடுத்தால் பதினொன்றுக்கு முன்னாலேயே ஏறி நிற்கும். கொடுக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும்.

மேலமாசி:
அந்தக் கடைசி வரி சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு ஆகாது. பசியோடு வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கணும்.