புதுக்கோட்டை ராஜ வீதிப் பக்கம் போனவங்க அனுபவம் சொல்லுங்க

வெளியூர்க்காரன்:
சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். ஆட்டோக்காரர் தெருப் பேரே கேட்கல. "எந்தப் பக்கம், எத்தனாவது வீதி?"ன்னு மட்டும் கேட்டார். கீழ, மேல, தெற்கு, வடக்குன்னு நாலு ராஜ வீதி. அதுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 2ஆம் வீதி, 3ஆம் வீதின்னு நேர்கோடா போகுது. பழைய ஊர்னா சந்து பொந்தாத்தானே இருக்கும்? விசாரிச்சா, 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஊர் தீப்பிடிச்சு எரிஞ்சிருக்கு. அப்புறம் தொண்டைமான் ராஜா, ஆங்கிலேயப் பிரதிநிதியா (ரெசிடென்ட்) இருந்த பிளாக்பர்ன் யோசனையோட புதுசா வீதி போட்டாராம். எனக்கு அரண்மனையைவிட இந்த வீதிக் கணக்குதான் பிடிச்சது.

கீழ 2ஆம் வீதிக்காரர்:
வீதியோட நிறுத்திடாதீங்க தம்பி. 1878இல் திவானா வந்த சேஷையா சாஸ்திரி ஊர்க் குளங்களைத் தூர்வாரிச் சீர்படுத்தினார். சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டின பல்லவன் குளமும் அதுல ஒண்ணு. குடிதண்ணிக்குக் குளத்தை நம்பின ஊர் இது.

அப்புறம் அம்மன் காசு. எங்க அப்பத்தா சுருக்குப் பையில ஒண்ணு வச்சிருந்துச்சு. துளியூண்டு செப்புக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிற பிரகதாம்பாள், தேய்ஞ்சு முகமே தெரியாது. திருப்பினா தெலுங்குல 'விஜய'. ஓரணாவுக்கு 20, ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரிக்கு அரண்மனையில அரிசி கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கொடுப்பாங்களாம். பிரிட்டிஷ்காரன் காலத்துலயும் சொந்தக் காசு ஓடின ஊர், சும்மாவா!

திருக்கோகர்ணம் வாசி:
அந்தக் காசைப் பார்க்கணும்னா எங்க பக்கம் வாங்க. 1910இல் ஆரம்பிச்ச மியூசியம் இருக்கு. வெள்ளிக்கிழமை வராதீங்க, லீவு. பிரகதாம்பாள் கோயிலும் இங்கதான், குடைவரை. ராஜாக்கள் தங்களை 'பிரகதாம்பாள் தாசர்'னு சொல்லிக்கிட்டதே இந்த அம்மனை வச்சுத்தான்.

1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சது. புது அரண்மனை இப்போ கலெக்டர் ஆபீஸ். பட்டா, சாதிச் சான்றிதழ்னு மனுவோட அலையறவங்க யாரும் கட்டடத்தை நிமிர்ந்து பார்க்கிறதில்ல. நானும் பல வருஷம் அப்படித்தான்.

வெளியூர்க்காரன்:
அடுத்த தடவை மியூசியம் உண்டு அண்ணே. கார்ல வரலாமா?

கீழ 2ஆம் வீதிக்காரர்:
வாங்க, ஆனா தீபாவளிக்கு முந்தின வாரம் கீழ ராஜ வீதிக்குள்ள மட்டும் காரை விட்டுடாதீங்க. வண்டியை வெளியில போட்டுட்டு நடந்து வந்துடுங்க.