நாலு கடை, நாலு விலை: குவெஸ்டுக்கு எந்த டயர்?

பேவ்யூ_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2016 கொரோலா குவெஸ்ட், டயர் அளவு 195/65 ஆர்15. நான்கும் வழுக்கைத் தலை ஆகிவிட்டன. ஈஸ்டருக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் தங்கை வீட்டு விசேஷம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் போக வேண்டும். இரண்டு சனிக்கிழமை அலைந்து நாலு விலை வாங்கி வைத்திருக்கிறேன்.

மால் பக்கத்துப் பெரிய கடை: பெயர் பெற்ற வெளிநாட்டு டயர், ஒன்று 1,890 ராண்ட். மூன்று வாங்கினால் நாலாவது இலவசம்.
சாட்ஸ்வொர்த்தில் சின்னக் கடை: லேடிஸ்மித்தில் செய்த டயர், ஒன்று 1,420. மாட்டுவது, வால்வு, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) எல்லாம் அதற்குள். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) மட்டும் தனியாக 300.
இணையக் கடை: நான் கேள்விப்படாத சீன டயர், 980. அவர்கள் சொல்லும் இடத்தில் மாட்ட ஒன்றுக்கு 150. அலைன்மென்ட் 350.
ரோட்டோரக் கடை: பழைய டயர், 450. ட்ரெட் (ரோட்டைத் தொடும் பள்ளம் மேடு) நன்றாகத்தான் இருக்கிறது.

மனைவி இலவச டயர் கடையைச் சொல்கிறாள். எனக்கு இணையக் கடை மேல் ஆசை. நீங்கள் சொல்லுங்கள்.

சல்லிக்கணக்கு:
தம்பி, "இலவசம்" என்று எழுதியிருந்தால் உடனே கால்குலேட்டரை எடு. மூன்று 1,890 என்றால் 5,670. அதை நாலால் வகு, 1,417.50. அதுதான் அந்த டயரின் விலை. 1,890 என்பது சுவரில் ஒட்டுவதற்காக அச்சடித்த எண். அதோடு அங்கே மாட்டுகிற கூலி எவ்வளவு என்று கேட்டாயா?

பேவ்யூ_தம்பி:
கேட்டேன் அண்ணே. மாட்ட 60, பேலன்சிங் 100, வால்வு 35, பழைய டயரை அப்புறப்படுத்த 30. எல்லாம் ஒரு டயருக்கு. அலைன்மென்ட் 450.

சல்லிக்கணக்கு:
ஆக 225 × 4 = 900, அதோடு 450. வாசலை விட்டு வெளியே வரும்போது 7,020. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். சாட்ஸ்வொர்த் கடையில் 5,980. இணையத்தில் 3,920 + 600 + 350 = 4,870. பெரிய கடைக்கும் இணையத்துக்கும் 2,150 வித்தியாசம். ஜோபர்க் போய் வரும் செலவில் பெரும் பகுதி அதிலேயே வந்துவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டயர் என்பது கருப்பு ரப்பர் வளையம், அவ்வளவுதான். பிராண்டுக்குக் கொடுக்கும் காசு விளம்பரத்துக்குப் போகிறது.

டோங்காட்_மாமா:
கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. கருப்பு ரப்பர் வளையம் என்றதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. டயர் ஆலையில் பாதி, டயர் கடையில் பாதி என்று என் வாழ்க்கை போனது.

அந்த 30 ராண்ட் அப்புறப்படுத்தும் கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கழிவு டயருக்கு என்று அரசு 2017-ல் கிலோவுக்கு 2.30 ராண்ட் வரி போட்டது. கார் டயர் எட்டு ஒன்பது கிலோ இருக்கும், டயருக்குச் சுமார் 20 ராண்ட் வரும். அதை ஆலையிடமும் இறக்குமதி செய்பவரிடமும் வசூலிக்கிறார்கள். அதாவது நீ பார்க்கும் விலைக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. கடைக்காரன் ரசீதில் "சுற்றுச்சூழல் வரி" என்று தனியாக இன்னொரு கட்டணம் எழுதினால், எந்த வரி என்று கேள். பாதிப் பேர் அதை ரசீதிலிருந்து அடித்து நீக்கிவிடுவார்கள்.

இரண்டாவது, டயரின் பக்கச் சுவரைப் பார். டிஓடி (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நாலு எண். 3524 என்றால் 2024-ன் 35-ஆவது வாரம் செய்தது. சில நேரம் ஒரு பக்கச் சுவரில்தான் முழு எண் இருக்கும், அது உள்பக்கமாகப் போய்விட்டால் குனிந்து பார்க்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே பார்ப்பது நல்லது. தள்ளுபடியில் வரும் டயர் ஏன் தள்ளுபடியில் வருகிறது என்பதற்குப் பாதி விடை அந்த நாலு எண்ணில் இருக்கும். ரப்பர் கிடங்கில் சும்மா கிடந்தாலும் கெட்டிப்படும். ஐந்து வருடம் ஆனதும் வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று ஆலைகளே சொல்கின்றன.

மூன்றாவது, டயர் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண். உன் வண்டிக்கு 91 வேண்டும். ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். பக்கத்தில் டி (T) என்று இருந்தால் மணிக்கு 190 கி.மீ. வரை, எச் (H) என்றால் 210. நீ அந்த வேகத்தில் போகப் போவதில்லை, தெரியும். ஆனால் வண்டி ஆலை சொன்ன எண்ணுக்குக் கீழே வாங்காதே. ஐந்து பேர், மூட்டை முடிச்சு, வான் ரீனென் கணவாய் ஏற்றம். மலிவு விலைப் பட்டியலில் இந்த எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம், ஜோபர்க் போகும் வழியில் லேடிஸ்மித் பக்கமாகத்தானே போகிறாய்? சாட்ஸ்வொர்த் கடை டயர் பிறந்த ஊர். அங்கே இருக்கும் டன்லப் ஆலை 2006-ல் இந்தியாவின் அப்பல்லோ கைக்குப் போனது, 2013-ல் ஜப்பானின் சுமிடோமோவிடம் வந்தது. முதலாளிகள் மாறினாலும் வேலை செய்பவர்கள் நம் மாகாணத்து ஆட்கள்தான்.

சல்லிக்கணக்கு:
மாமா, தேதி எண், சுமை எண் இரண்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பத்தி வெறும் உணர்ச்சிப் பாட்டு. சீன டயர் மேல் 2023-ல் தனி வரி போட்டார்கள், உள்ளூர் ஆலைகளைக் காப்பாற்றுகிறோம் என்று. காசு யார் கொடுத்தது? நம்மைப் போன்றவர்கள். அப்படியும் 2025-ல் கிழக்குக் கேப் மாகாணத்துக் கரியேகாவில் குட்இயர் ஆலை மூடியாகிவிட்டது, சுமார் 900 பேர் வேலை போனது. உணர்ச்சி வசப்பட்டு டயர் வாங்கினால் ஆலையும் நிற்காது, நம் பையும் நிற்காது.

டோங்காட்_மாமா:
அந்த 900 பேரில் எனக்குத் தெரிந்த முகங்கள் உண்டு. அதை இங்கே ஒரு வாதமாக இழுக்க வேண்டாம். டயர் நல்லதா என்று மட்டும் பேசுவோம்.

சல்லிக்கணக்கு:
மன்னிக்கவும் மாமா. சரி, டயரைப் பற்றியே பேசுவோம். நம் ஊர் ரோட்டில் டயர் தேய்ந்தா சாகிறது? மழைக்கு அப்புறம் வரும் குழியில் விழுந்து பக்கச் சுவர் வீங்கிச் சாகிறது. குழி பிராண்ட் பார்ப்பதில்லை. 1,420-ஐ இழப்பதா, 980-ஐ இழப்பதா? அதோடு, இன்னும் மலிவாக முடிக்க வழி இருக்கிறது. இரண்டு மட்டும் புதிதாக வாங்கி முன்னால் போடு. குவெஸ்ட் முன்சக்கரம் இழுக்கும் வண்டி.

டோங்காட்_மாமா:
குழி வாதம் நியாயம், அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. சில பிராண்டுகள் குழியில் அடிபட்டால் மாற்றித் தரும் உத்தரவாதம் கொடுக்கின்றன. ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஆனால் இரண்டு மட்டும் வாங்கினால் அவை பின்னால்தான் போக வேண்டும். முன்னால் நழுவினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்தால் வண்டி அடங்கும். தண்ணீரில் பின்னால் நழுவினால் வண்டி பம்பரம். உனக்குத் தெரிவதற்குள் எதிர்த்திசையைப் பார்த்து நிற்பாய். முன்சக்கரம் இழுக்கிறதா பின்சக்கரம் இழுக்கிறதா என்பது இதில் கணக்கே இல்லை.

பழைய_பக்கி:
என்னப்பா எல்லோரும் ஆயிரக்கணக்கில் பேசுகிறீர்கள். பன்னிரண்டு வருடமாகப் பழைய டயரில்தான் என் பக்கி (பிக்கப் வண்டி) ஓடுகிறது. 450 கொடுத்து வாங்கினால் ஒன்றரை வருடம் வரும். சட்டம் கேட்பது ஒரு மில்லிமீட்டர் ட்ரெட். நாலைந்து மில்லிமீட்டர் உள்ள டயரை நான் ஏன் குப்பையில் போட வேண்டும்?

மெரபேங்க்_அக்கா:
அந்த ஒரு மில்லிமீட்டர் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சாலைப் போக்குவரத்து ஒழுங்குவிதி 212-ஐ முழுதாகப் படியுங்கள். ஒரு மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது, உண்மை. ஆனால் தேய்மானம் காட்டும் மேடு உள்ள டயரில், ட்ரெட் அந்த மேட்டுக்குச் சமமாக வந்தாலே அது சட்டத்துக்கு விரோதம் என்றும் அங்கேயே இருக்கிறது. பள்ளத்துக்குள் குறுக்கே ஓடும் சின்ன மேடு, 1.6 மில்லிமீட்டர் உயரம். இன்றைக்கு மேடு இல்லாத கார் டயர் எங்கே இருக்கிறது?

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மழை நாள், ஹிக்கின்சன் நெடுஞ்சாலை இறக்கம், கீழே ரோபோ (சிக்னல் விளக்கு) சிவப்பு. பிரேக் மிதித்தேன், வண்டி நின்றால்தானே. முன்னால் இருந்த டாக்ஸியின் பின்பக்கம் போயே போய்விட்டது. யாருக்கும் காயமில்லை, கடவுள் புண்ணியம். காப்பீட்டிலிருந்து வந்தவர் வண்டியின் அடிபட்ட பக்கத்தைப் பார்க்கவே இல்லை, முதலில் குனிந்து நாலு டயரையும் அளந்தார். பின் டயர் ஒன்று மேட்டைத் தொட்டிருந்தது. ஆறு வாரம் கழித்துக் கடிதம்: வண்டி சாலைத் தகுதியில் இல்லை, பணம் கிடையாது. இரண்டு டயரில் நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு, டாக்ஸிக்காரருக்குக் கட்டியது எவ்வளவு என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பழைய_பக்கி:
அக்கா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது தேய்ந்த டயரின் குற்றம். நான் வாங்குவது தேயாத பழைய டயர்.

டோங்காட்_மாமா:
தேயாத டயரை ஒருவன் ஏன் கழற்றினான் என்று என்றைக்காவது கேட்டீர்களா? விபத்து வண்டியிலிருந்து வந்திருக்கலாம். காற்றில்லாமல் ஓடி உள்சுவர் பொடியாகியிருக்கலாம். ட்ரெட்டும் பக்கச் சுவரும் சேரும் தோள் பக்கத்தில் பஞ்சர் அடைத்திருக்கலாம். ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே விரலால் தடவிப் பார்க்காமல் தெரியாது. வெளியே மட்டும் கருப்பு மெழுகு பூசி மினுக்கி வைத்திருப்பார்கள்.

பழைய_பக்கி:
நான் உள்ளே கை விட்டுத்தான் வாங்குகிறேன். பக்கியில் உள்ளூருக்குள் மணிக்கு 60-ல் போகிறவனுக்கு இது போதும். என்-3க்கு இதை வாங்கு என்று நான் தம்பிக்குச் சொல்லவில்லையே.

பேவ்யூ_தம்பி:
மாமா, சீன டயரில் மழைப் பிடிமானம் எப்படி என்று கடைக்குப் போகாமலே தெரிந்துகொள்ள வழி உண்டா? பக்கச் சுவரில் ட்ரெட்வேர் 400 என்றெல்லாம் போட்டிருக்கிறது.

டோங்காட்_மாமா:
அந்த 400 தேய்மானத்துக்கு. 100 என்ற அளவு டயரை விட நாலு மடங்கு உழைக்கும் என்று கணக்கு. ஆனால் மதிப்பெண் போடுவது ஆலையே. அதனால் ஒரே பிராண்டின் இரண்டு டயர்களை ஒப்பிடலாம், இரண்டு பிராண்டுகளை ஒப்பிட்டு ஏமாறாதே. மழைக்கு வேறு வழி இருக்கிறது. அதே மாடல் ஐரோப்பாவில் விற்றால் அங்கே லேபிள் கட்டாயம், இணையத்தில் தேடினால் ஈரப் பிடிமானத்துக்கு என்ன எழுத்து என்று கிடைக்கும். பழைய லேபிள் முறையில் சிறந்த ஏ-க்கும் மோசமான எஃப்-க்கும் இடையே, 80 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்தால் 18 மீட்டர் வரை வித்தியாசம் என்று சொன்னார்கள். நாலு கார் நீளம்.

சல்லிக்கணக்கு:
அதைத் தேடிப் பார்த்தேன். தம்பி சொன்ன 980 டயருக்கு லேபிள் எதுவும் கிடைக்கவில்லை. அதே இணையக் கடையில் 1,090-க்கு இன்னொரு சீன டயர், அதற்கு ஈரப் பிடிமானம் சி. ஆக சீனம் என்றால் எல்லாம் ஒன்றல்ல, மாமா. மொத்தம் 5,310 வரும். பிடிக்காவிட்டால் இணையத்தில் வாங்கியதை ஏழு நாளுக்குள் திருப்பவும் சட்டம் இருக்கிறது.

டோங்காட்_மாமா:
சி நல்ல எழுத்துதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். திருப்பி அனுப்பும் செலவு உன்னுடையது என்பதையும் அதே சட்டத்தில் படி. மாட்டி ஓட்டிவிட்டு யாரிடம் திருப்புவாய்? தம்பி, வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறாய்?

பேவ்யூ_தம்பி:
தினமும் உம்லாங்கா வேலைக்குப் போய் வருகிறேன். வருடம் 20,000 ஆகும்.

டோங்காட்_மாமா:
அப்படியானால் நல்ல டயர் உனக்கு லாபம். வருடம் ஐயாயிரம் ஓட்டும் ஓய்வுக்காரன் என்றால் நானே சல்லிக்கணக்கு பக்கம் போயிருப்பேன். 50,000 கி.மீ. உழைக்கிற டயர் அவன் கையில் தேய்வதற்கு முன் கிழமாகிவிடும்.

பேவ்யூ_தம்பி:
சனிக்கிழமை வேலை முடிந்தது. சாட்ஸ்வொர்த் கடைக்கே போனேன். 5,310-க்கு இணையத்தில் கிடைப்பதைக் கைபேசியில் காட்டினேன். கடைக்காரர் பெருமூச்சு விட்டு அலைன்மென்டை இலவசமாக்கினார். ஆக 5,680. மாட்டுவதற்கு முன் தேதி எண் பார்க்கிறேன் என்றேன். மூன்று 4025. ஒன்று 1421! ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். மனைவிக்குத்தான் வருத்தம், இலவச டயர் போச்சே என்று.

சல்லிக்கணக்கு:
என் 5,310-ஐ விட 370 அதிகம். பரவாயில்லை, பேரம் பேச என் விலைதானே உதவியது. நீ எனக்கு பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி) ஒன்று பாக்கி.

மெரபேங்க்_அக்கா:
ரசீதைப் பத்திரமாக வை, நாலு தேதி எண்ணையும் படம் எடுத்து வை. அப்புறம், ஐந்தாவது டயரைப் பார்த்தாயா?

பேவ்யூ_தம்பி:
எந்த ஐந்தாவது, அக்கா?

மெரபேங்க்_அக்கா:
டிக்கியில் இருக்கிறதே, அது.

பேவ்யூ_தம்பி:
இப்போதுதான் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். 0816. வண்டியோடு பிறந்தது. ஒருநாள் கூட வெளியே வரவில்லை, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முள் எல்லாம் அப்படியே இருக்கிறது.

டோங்காட்_மாமா:
பத்து வயது. அதை நம்பி வான் ரீனென் ஏறாதே.

பழைய_பக்கி:
தம்பி, ஸ்பேர் வீலுக்கு 195/65 ஒன்று என் ஆளிடம் இருக்கிறது. 2023 டயர், உள்ளே கை விட்டுப் பார்த்தாகிவிட்டது. 450.