ஆகஸ்டில் மசாய் மாரா: கடப்பிதழ், ஊசி, காப்புறுதி, 15 கிலோ பை. எதை முதலில் முடிப்பது?

செந்தூல்வாசி:

வணக்கம். ஆகஸ்ட் 14 இரவு கோலாலம்பூர் விமான நிலையத்தில் (கேஎல்ஐஏ) ஏறி டோஹா வழியாக நைரோபி, அங்கிருந்து சின்ன விமானத்தில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம். கென்யாவில் 8 நாள். நான், மனைவி, 12 வயது மகன் (42 கிலோ), 64 வயது அப்பா. அப்பாவுக்கு இனிப்பு நீர், இன்சுலின் போடுகிறார். என் கடப்பிதழ் டிசம்பரில் முடிகிறது. டிக்கெட் எடுத்தாச்சு, மற்றது ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பத்து வாரம் இருக்கு. எந்த வரிசையில் செய்யணும்? கிரெடிட் கார்டோடு வரும் இலவசக் காப்புறுதி போதுமா? சின்ன விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான் என்கிறார்கள், அது கேமரா பையையும் சேர்த்தா?

பயணப்பை கிள்ளான்:

கடப்பிதழை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீங்க. நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி வேணும், அதாவது பிப்ரவரி வரை. உங்களுடையது பத்தாது. புதுப்பித்தால் எண் மாறும். அந்த எண்தான் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான அட்டையிலும் இ-டி-ஏவிலும் (கென்யாவுக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் முன்அனுமதி) ஏறப்போகிறது. ஊசியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு அட்டையில் எண்ணை அடித்துத் திருத்தலாம் என்று நினைக்காதீங்க. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த அட்டை செல்லாது என்று அதிகாரி சொல்ல முடியும். ஆக, கடப்பிதழ், ஊசி, இ-டி-ஏ. இதுதான் வரிசை.

கென்யாவில் 2024 ஜனவரியிலிருந்து விசா முறை போய் இ-டி-ஏ வந்தாச்சு. ஆளுக்கு ஒன்று, மகனுக்கும் தனி. கடப்பிதழ்ப் பக்கம், முகப்படம், போக வர டிக்கெட், தங்குமிடப் பதிவு, நாலையும் படமாக எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்க. கட்டணத்தையும் மலேசியருக்கு ஏதும் விலக்கு உண்டா என்பதையும் அரசாங்கத் தளத்திலேயே பாருங்க. அரசாங்கத் தளத்தின் முகவரி ‘கோ டாட் கேஇ’ என்று முடியும். தேடினால் மேலே வந்து நிற்பதில் இடைத்தரகர் தளங்களும் உண்டு, அதே வேலைக்கு இரண்டு மடங்கு பிடுங்குவார்கள்.

நம்ம ஆளுங்களுக்கு உண்மையான தலைவலி பெயர்தான். மலேசியக் கடப்பிதழில் பெயர் ஒரே வரி, குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. படிவமோ இரண்டு கட்டம் கேட்கும். உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரை மற்றதிலும் போடுங்க. பெயருக்கு நடுவே வரும் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) இரண்டிலும் உள்ள சாய்கோட்டை விமான நிறுவனங்களின் படிவம் வாங்காது. டிக்கெட்டில் கோடில்லாமல் சேர்த்துப் போட்டிருந்தால் இ-டி-ஏ, காப்புறுதி, ஊசி அட்டை எல்லாவற்றிலும் அப்படியே. விட்டிருந்தால் எல்லாவற்றிலும் விடுங்க. முடிவு எதுவானாலும் நாலு தாளும் ஒரே மாதிரி இருக்கணும். மகனின் பிறப்புப் பத்திர நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. மாரா காப்பகத்தை நடத்துவது நாரோக் வட்டார அரசு. வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. முகவர் “நுழைவுக் கட்டணம் உட்பட” என்றால், எந்த விலையில் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்க.

மருந்துக்கடை அக்கா:

தம்பி, ஊசியிலிருந்து தொடங்குவோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி எந்தக் கிளினிக்கிலும் போட்டுக்கொள்வது இல்லை. சுகாதார அமைச்சு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் அந்த மஞ்சள் அட்டைக்கு மதிப்பு. போட்ட 10ஆம் நாளிலிருந்து செல்லும். 2016 ஜூலையிலிருந்து அட்டை ஆயுளுக்கும் செல்லும், மறுபடி போட வேண்டாம். வாங்கும்போதே தேதி, மருந்தின் தொகுதி எண், கையொப்பம், மைய முத்திரை நாலும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

பலர் நினைப்பது இதைக் கென்யா கேட்கிறது என்று. உங்களுக்குச் சிக்கல் திரும்பும்போதுதான். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அட்டை இல்லாமல் அங்கிருந்து கேஎல்ஐஏவில் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம், மலேசியக் குடிமகன் என்றாலும். அப்படிப்பட்ட நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இடைநின்றாலும் அதே விதி.

அப்பா விஷயம் வேறு. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல் முறை போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு அரிது, ஆனால் இளையவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இனிப்பு நீர் மட்டும் தடை இல்லை.

மலேரியா: மாரா 1500 மீட்டருக்கு மேல் இருந்தாலும் ஆபத்து உண்டு. அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் இரண்டு நாள் முன்பே தொடங்கி, அங்கே 8 நாள், வெளியேறிய பின் 7 நாள், ஆளுக்கு 17 மாத்திரை. மகன் 40 கிலோவைத் தாண்டிவிட்டான், பெரியவர் மாத்திரையே. சாப்பாட்டோடு அல்லது பாலோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. அப்பாவுக்கு வாங்குமுன் சிறுநீரக ரத்தச் சோதனை பாருங்கள். சிறுநீரகம் ரொம்பப் பழுதாகியிருந்தால் இந்த மருந்து கூடாது. டாக்ஸிசைக்ளின் மலிவு, ஆனால் திரும்பி வந்து 4 வாரம் விழுங்க வேண்டும், வெயிலில் தோல் எரியும். பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் இதில்தான் அதிகம்.

டைபாய்டு ஊசி பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது போடுங்கள். சாப்பாட்டுக்கடை வேலைக்காகப் போட்டவர் யாராவது இருந்தால் மூன்று வருடம் தாண்டவில்லையே என்று மட்டும் பாருங்கள். கல்லீரல் அழற்சி ஏ, டெட்டனஸ் இரண்டையும் அதே நாளில் கேளுங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான், சரக்கறையில் உறைந்தால் கெட்டது. குளிர்ப்பையில் வைக்கும்போதும் பனிக்கட்டிப் பொதி பேனாவில் நேராகப் படக்கூடாது, இடையில் ஒரு துண்டு சுற்றுங்கள். நைரோபி நமக்கு 5 மணி நேரம் பின்னால், அதனால் போகும் நாள் நீளும். அன்றைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்குங்கள். மருந்துச்சீட்டும் அவர் கடிதமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

செந்தூல்வாசி:

நன்றி அக்கா. அப்பாவுக்கு ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லி, விலக்குக் கடிதம் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா?

மருந்துக்கடை அக்கா:

முழுசாகத் தீராது. அட்டையோடு இணைத்த விலக்குக் கடிதத்தைப் பார்த்தபின் என்ன செய்வது என்பது இறங்கும் இடத்து அதிகாரியின் முடிவு. கண்காணிப்பில் வைக்கலாம். தவிர, கொசு கடித்தால் அப்பாவுக்குத் தடுப்பு இல்லை. அவருக்கு ஊசி ஆகாது என்று தெரிந்தால் நான் நாட்டையே மாற்றச் சொல்வேன். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆனால் அங்கே போகும் வழியில் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

காஜாங் 77:

கார்டு காப்புறுதியே போதும், எதுக்கு இரட்டைச் செலவு லா.

இழப்பீட்டு மேசை:

போதாது. அந்தக் காப்புறுதி பெரும்பாலும் முழு டிக்கெட் பணத்தையும் அதே கார்டில் கட்டினால்தான் உயிர்பெறும். மனைவி, பிள்ளை சேருவார்கள், அப்பா சேரமாட்டார். நாலு பேருக்கும் ‘உலகம் முழுவதும்’ வகையில் தனியாக எடுங்கள். ஆசிய வகை மலிவாக இருக்கிறதே என்று கை தவறி அழுத்தினால் கென்யாவில் அது வெறும் தாள்.

விலையைப் பார்க்குமுன் மூன்று இடத்தைப் படியுங்கள். முதலாவது, ஏற்கெனவே உள்ள நோய். அப்பாவின் இனிப்பு நீரைச் சொல்லாமல் எடுத்து, அங்கே சர்க்கரை இறங்கி மயங்கினால் கோரிக்கை நிராகரிக்கப்படும். சொன்ன பிறகு ஏற்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, சூடான காற்று பலூன், விலங்கு பார்க்க நடந்தே போகும் சஃபாரி. மாராவில் பலூன் ஏறாமல் வருகிறவர் குறைவு, பல திட்டங்கள் அதை விலக்கியிருக்கும். மூன்றாவது, அவசர மருத்துவ வெளியேற்றம். முகாமிலிருந்து நைரோபிக்கு ஒரு விமானம், அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னொன்று. இரண்டும் அடங்குமா என்று பாருங்கள்.

1957இல் தொடங்கிய ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையின் சந்தாவைப் பல முகாம்கள் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்கும். நல்ல சேவை, ஆனால் அது உங்களை மருத்துவமனை வாசல் வரை கொண்டுவருவதற்குத்தான். உள்ளே ஆகும் பில் உங்கள் காப்புறுதியின் பாடு. விமானம் கூப்பிடுமுன் காப்புறுதியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்து ஒப்புதல் எண் வாங்குங்கள். எண் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது, மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பை வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பொருள் இழப்பு அறிக்கை வாங்க வேண்டும். திருட்டுக்குக் காவல் நிலையத்தில் கொடுப்பதைக் கென்யாவில் ‘போலீஸ் அப்ஸ்ட்ராக்ட்’ என்பார்கள், அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

ஜோர்ஜ்டவுன் குருவி:

பைக்கு வரேன். ஆமா, 15 கிலோவில் கேமரா பையும் அடக்கம். அதுவும் சக்கரம் இல்லாத துணிப்பையாக இருக்கணும், விமானத்தின் வயிற்றுக் கதவு சின்னது, கெட்டிப் பெட்டி நுழையாது. பெரிய பெட்டியை நைரோபித் தங்குமிடத்தில் விட்டுட்டுப் போங்க.

துணி: நீலமும் கறுப்பும் வேண்டாம், ரத்தம் குடிக்கிற செட்சீ ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். பிடிக்கிற பொறியையே நீலக் கறுப்புத் துணியில்தான் தைக்கிறாங்க. ராணுவப் புள்ளி போட்ட துணியும் வேண்டாம், உகாண்டா, ஜாம்பியா மாதிரி நாடுகளில் சட்டப்படித் தப்பு. காக்கி, மண் நிறம் போதும். நம்ம ஆளுங்க ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைச்சு டீ-சட்டையோடு போறாங்க. மாராவில் ஆகஸ்ட் விடியற்காலை 10, 12 டிகிரிக்கு இறங்கும், திறந்த ஜீப்பில் காற்று வேற. கேமரன் மலைக்கு எடுக்கிற ஜாக்கெட்டோடு ஒரு தொப்பியும் வேணும்.

பிளக் மாற்றி (அடாப்டர்) வாங்காதீங்க, கென்யாவில் நம்ம மூணு கால் பிளக்கேதான், 240 வோல்ட். ஆனால் முகாமில் சூரிய மின்சாரம், மின்னேற்றும் நேரம் கட்டுப்பாடு. பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் (சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணி), கைப்பையில் மட்டும். ட்ரோனை வீட்டில் வைங்க, முன்அனுமதி இல்லாவிட்டால் சுங்கத்திலேயே நிறுத்திடுவாங்க.

இருநோக்கி 8×42 ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணை நாலு பேர் மாத்திப் பார்த்தால் சிறுத்தை போயிடும். லென்ஸ் 100-400 போதும். முக்காலி எடுக்காதீங்க, ஜீப்பில் விரிக்க இடமில்லை. கேமராவைத் தாங்கும் அவரைப் பையை (பீன் பேக்) காலியாகக் கொண்டுபோய், முகாம் சமையலறையில் ஒண்ணரை கிலோ அரிசி கேட்டு நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைச்சு அது மேல லென்ஸைச் சாய்க்கலாம். தூசிக்கு நம்ம பழைய கைலியை மிஞ்சின உறை எதுவும் இல்லை. கேமரா மேல போர்த்துங்க, குளிருக்கும் ஆகும்.

பிளாஸ்டிக் பை ஒண்ணுகூட வேண்டாம். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் தடை. ஒரு முறை பயன்படுத்தும் போத்தலுக்கு 2020 ஜூனிலிருந்து காப்பகங்களுக்குள்ளும் தடை. டோஹா கடையில் தருகிற பையையும் இறங்குமுன் விமானத்திலேயே விட்டுடுங்க.

மருந்துக்கடை அக்கா:

குருவி சொன்னதோடு ஒன்று: கொசு மருந்தில் டீட் என்ற வேதிப்பொருள் 20 முதல் 50 விழுக்காடு இருக்க வேண்டும், போத்தலின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். வெயில் பசை முதலில், கொசு மருந்து அதற்கு மேல்.

திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையே “கென்யா போய் வந்தேன்” என்று இருக்கட்டும். இங்கே காய்ச்சல் என்றால் கை டிங்கிச் சோதனைக்குத்தான் போகும். அது இல்லை என்று வந்து பனடோல் கொடுத்து அனுப்பினால் கிளம்பாதீர்கள், மலேரியாவுக்கு ரத்தப் பூச்சு (ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். முதல் பூச்சில் தெரியாமல் போகலாம். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்த்த பிறகுதான் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.