நிலா இல்லாத கோள் வானியலாளருக்குச் சொர்க்கமா?

நிசிவாசி:
கதைக்காக ஒரு கோளை உருவாக்கி வருகிறேன். பெயர் நிசி. பூமி அளவுதான், மூச்சுவிடத் தகுந்த காற்றும் உண்டு. தொலைநோக்கிக்கு ஆகாததையெல்லாம் நீக்கிவிட்டேன். நிலா இல்லை, அதனால் பௌர்ணமித் தொல்லை இல்லை. கடல் மிகக் குறைவு, அதனால் மேகமும் குறைவு. அச்சுச் சாய்வு பூஜ்யம், நிலநடுக்கோட்டில் இருந்தே மொத்த வானமும் தெரியும். அதன் சூரியன் நம்முடையதைவிட 1.3 மடங்கு நிறை கொண்டது. கோள் 1.7 வானியல் அலகு தள்ளிச் சுற்றுகிறது (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்), ஓர் ஆண்டு என்பது நமக்குக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. எங்காவது ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

மேகமூட்டம்:
முதல் ஓட்டை கடல். தொலைநோக்கிகள் நிறைந்த சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் வானம் ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது? பக்கத்தில் குளிர்ந்த கடல் நீரோட்டம் ஓடுகிறது. அதன் மேலே இருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுவதால் மேகம் மலை உச்சிக்கு ஏறுவதில்லை. ஹவாயில் தொலைநோக்கிகள் இருக்கும் மௌனா கியா மலையில் காற்று சீராக வீசுவதற்கும் சுற்றிலும் தடையில்லாத கடல் இருப்பது ஒரு காரணம். கடலைத் துடைத்தால் மிஞ்சுவது தூசி. செவ்வாயைப் பாருங்கள், 2018இல் கோள் முழுக்கப் புயல் மூடி, அங்கே ஓடிக்கொண்டிருந்த நாசாவின் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி அத்தோடு வாய் திறக்கவே இல்லை.

அப்புறம், நிலநடுக்கோட்டில் முழு வானம் தெரிவதற்கும் அச்சுச் சாய்வுக்கும் சம்பந்தமே இல்லை. பூமியிலும் அப்படித்தான்.

நிசிவாசி:
சரி, சாய்வு விஷயத்தில் தப்பு என்னுடையது. கடலைத் திரும்ப நிரப்புகிறேன், மேற்குக் கரையோரம் உயரமான மலைத்தொடரும் வைக்கிறேன். ஆனால் நிலாவைத் தரமாட்டேன்.

பழைய கண்ணாடி:
அதைத்தான் நான் கேட்க வந்தேன். தொலைநோக்கிக்கு நல்ல கோள் வேறு, வானியல் பிறக்க நல்ல கோள் வேறு. நிலா இல்லையென்றால் மாதம் என்ற கணக்கு ஏது? கிரகணம் ஏது? 1868 கிரகணத்தில்தான் சூரிய ஒளியில் அந்தப் புது மஞ்சள் கோடு தெரிந்தது, ஹீலியம் என்று பெயர் வந்தது. 1919இல் சூரியனின் ஈர்ப்பில் விண்மீன் ஒளி வளைவதை அளந்ததும் கிரகணத்தின்போதுதான்.

மேகமூட்டம்:
1868 உங்களுக்கு எதிரான சாட்சி. அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேய வானியலாளர் லாக்யர் கிரகணமே இல்லாமல் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டார். 1919ஐ ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று ரேடியோ தொலைநோக்கியில் குவேசர்களை (மிகத் தொலைவில் ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களை) வைத்து அதையே அளக்கிறார்கள். தாமதமாகுமே தவிர நின்றுபோகாது. டென்மார்க் வானியலாளர் ரோமர் 1676இல் ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டியது வியாழனின் நிலாவை வைத்து. சொந்த நிலா கட்டாயமில்லை, பக்கத்தில் ஒரு வியாழன் இருந்தால் போதும்.

பழைய கண்ணாடி:
ரேடியோ தொலைநோக்கி கட்டும் அளவுக்கு ஒருவன் வளர, முதலில் அவனை வானத்தை அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டாமா?

நிசிவாசி:
என் கோளில் அதற்கும் ஆள் உண்டு. விண்மீன்களின் தூரத்தை அளக்க, சுற்றுப்பாதையின் இரு எதிர் முனைகளில் இருந்து பார்த்து இடமாற்றத்தைக் கணக்கிடுகிறோம். 1838இல் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் 61 சிக்னி என்ற விண்மீனில் கண்டது, இரு முனைகளுக்கும் இடையே ஒரு வில்விநாடியில் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத நகர்வு. நிசியின் பாதை 1.7 மடங்கு அகலம் என்பதால் அதே தூரத்து விண்மீன் அங்கே 1.7 மடங்கு நகரும். செங்குள்ளன் எனப்படும் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனை ஒட்டிச் சுற்றும் கோள்களை இதோடு ஒப்பிடுங்கள். பிராக்ஸிமா பி என்ற கோள் தன் விண்மீனை 11 நாளில் சுற்றிவிடுகிறது, அந்தக் குட்டிப் பாதையில் நகர்வு நமக்குத் தெரிவதில் இருபதில் ஒரு பங்குதான்.

மேகமூட்டம்:
அகலப் பாதைக்கு விலையும் உண்டு. அவ்வளவு தள்ளி வெப்பம் எட்ட நிறை கூடிய விண்மீன் வேண்டும், அது சீக்கிரம் எரிந்து தீரும். 1.3 மடங்கு நிறை என்றால் விண்மீனின் ஆயுள் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகள். பூமியில் நாம் தோன்றவே 450 கோடி ஆனது. உங்கள் பெஸ்ஸல் கொஞ்சம் அவசரமாகப் பிறக்க வேண்டும்.

பழைய கண்ணாடி:
அந்த 1.7ஐ வைத்து நான் வேறு கணக்குப் போட்டேன். விண்மீனின் அகலமும் ஏறக்குறைய 1.3 மடங்கு, தூரம் 1.7 மடங்கு. ஆக அந்தச் சூரியன் வானத்தில் நம்முடையதில் முக்கால் அகலமே தெரியும். முழு கிரகணத்துக்கு அதே முக்கால் அகலத்தில் ஒரு குட்டி நிலா போதும், பௌர்ணமி வெளிச்சமும் நம்முடையதில் அறுபது சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

நிசிவாசி:
அறுபது சதவீதம் என்றாலும் மங்கலான விண்மீன் மண்டலங்களைப் பார்க்க மாதத்தில் ஒரு வாரம் போய்விடுமே.

பழைய கண்ணாடி:
அந்த வாரத்தில் வானியலாளர் தூங்கட்டும்.