மேலத்தெரு வீட்டுக் குழு: 60 வாட் பல்பும் 100 வாட் பல்பும்

[சனி, மாலை 6:12] கயல்: அத்தை, தேர்வு முடியும் வரை இந்தக் குழுவில் நான் கேட்கும் ஐயங்களையும் விடைத்தாளில் எழுதுவதைப் போல முழு வாக்கியங்களில்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருப்பதால் அப்படியே எழுதுகிறேன். இன்றைய திருப்புதல் தேர்வில், 60 வாட், 230 வோல்ட் என்று குறிக்கப்பட்ட விளக்கும் 100 வாட், 230 வோல்ட் என்று குறிக்கப்பட்ட விளக்கும் தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் அடுத்தடுத்து, 230 வோல்ட் மின்மூலத்துடன் இணைக்கப்பட்டால் எது கூடுதல் ஒளியுடன் எரியும் என்று கேட்டிருந்தார்கள். நான் 100 வாட் என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

[மாலை 6:20] வள்ளி அத்தை: என்ன காரணம் எழுதினாய் என்பதைச் சொல். விடையைவிட அதுதான் எனக்கு முக்கியம்.

[மாலை 6:24] கயல்: இரண்டு காரணங்கள் எழுதினேன். 100 என்பது 60ஐ விடப் பெரிய எண் என்பது ஒன்று. படத்தில் 100 வாட் விளக்குதான் நேர்மின்வாய்ப் பக்கம் முதலில் இருந்தது, எனவே மின்னோட்டம் அதற்கு முதலில் கிடைத்து, மிஞ்சியதுதான் அடுத்த விளக்குக்குப் போகும் என்பது இன்னொன்று.

[மாலை 6:41] வள்ளி அத்தை: முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியதில் உன் இரண்டாவது காரணத்தை நான் எத்தனை விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை, ஆகையால் நீ வருந்த வேண்டாம். ஆனால் அதை இன்றே மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். மின்னோட்டம் என்பது பந்தியில் பரிமாறும் பாயசம் அன்று, முதல் இலைக்கு நிறைய விழுந்து கடைசி இலைக்கு வாளியைச் சுரண்டுவதற்கு. ஒரு வினாடியில் கம்பியின் ஒரு குறுக்குவெட்டைக் கடந்து செல்லும் மின்னூட்டத்தின் அளவே மின்னோட்டம்; ஓர் ஆம்பியர் என்றால் வினாடிக்கு ஒரு கூலும், அதாவது சுமார் 6.25 × 10¹⁸ எலக்ட்ரான்கள். கிளைகள் இல்லாத ஒரே பாதையில், முதல் விளக்குக்குள் வினாடிக்கு இத்தனை எலக்ட்ரான்கள் நுழைந்தால் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும், ஏனென்றால் நடுவில் அவை காணாமல் போகவும் முடியாது, ஓரிடத்தில் குவிந்துகொண்டே இருக்கவும் முடியாது. எனவே தொடரிணைப்பில் எந்த இடத்தில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்தாலும் ஒரே அளவைத்தான் காட்டும், எந்த விளக்கு முதலில் இருக்கிறது என்பதற்குப் பொருளே இல்லை.

[மாலை 6:44] பெரியப்பா: வள்ளி சொல்வது சரி. கடையில் இரண்டு குண்டு பல்புகளும் இருக்கின்றன. கடையை மூடுவதற்கு முன்னால் அருணை இணைத்துப் பார்க்கச் சொல்கிறேன். கயல், நீ வீட்டில் எதையும் தொடக் கூடாது. உனக்கு டார்ச் பேட்டரியும் சிறு பல்பும் போதும்.

[மாலை 6:52] அம்மா: அண்ணி, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும், எனக்கும் ஓர் ஐயம் இருக்கிறது. வந்த மின்னோட்டம் முழுவதும் திரும்பிப் போய்விடுகிறது என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்துக்கு நாம் எதற்காகப் பணம் கட்டுகிறோம்?

[மாலை 7:10] வள்ளி அத்தை: மன்னிப்பு எதற்கு? கயல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நாம் பணம் கட்டுவது மின்னோட்டத்துக்காக அல்ல, ஆற்றலுக்காக. ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் விளக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும்போது எத்தனை ஜூல் ஆற்றலை அங்கே விட்டுச் செல்கிறது என்பதைத்தான் மின்னழுத்த வேறுபாடு சொல்கிறது. 230 வோல்ட் என்றால் ஒரு கூலுமுக்கு 230 ஜூல். மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். சுமை கொண்டுவந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்புகிறது, வண்டிகளின் எண்ணிக்கை குறைவதில்லை. இந்த உவமையையும் மிக நீட்டிவிடக் கூடாது, ஏனென்றால் எலக்ட்ரான்கள் உண்மையில் மின்நிலையத்திலிருந்து நம் வீடு வரை பயணம் செய்து வருவதில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் நேர் மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம், அதாவது அவை கம்பி வழியே நகரும் சராசரி வேகம், வினாடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர்தான், ஒரு மீட்டரைக் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வருவதோ வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம் என்பதால் அவை இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. தேர் வடத்தை முன்னால் இழுத்தவுடன் கடைசிப் பிடி வரை விறைப்பதைப் போல, சுவிட்சைப் போட்டவுடன் கம்பி நெடுகிலும் மின்புலம் நிலைகொள்வதால்தான் விளக்கு உடனே எரிகிறது.

[மாலை 7:13] அம்மா: இப்போது விளங்குகிறது, அண்ணி. பள்ளியில் இதை இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

[மாலை 7:31] கயல்: அத்தை, நான் கணக்கிட்டுப் பார்த்தேன். மின்னழுத்தத்தின் இருமடியைத் திறனால் வகுத்தால் மின்தடை கிடைக்கும் என்பதால், 60 வாட் விளக்கின் மின்தடை 52,900 வகுத்தல் 60, அதாவது சுமார் 882 ஓம். 100 வாட் விளக்கின் மின்தடை 529 ஓம். இதுவே எனக்கு வியப்பாக இருந்தது, ஏனென்றால் அதிகத் திறனுள்ள விளக்குக்குத்தான் அதிக மின்தடை இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் இதற்குப் பிறகு எந்த வாய்பாட்டைப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தாலும் திறன், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினாலும் திறன். முதலாவதன்படி மின்தடை கூடினால் திறன் குறைகிறது, இரண்டாவதன்படி கூடுகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

[மாலை 7:48] வள்ளி அத்தை: இந்தக் கேள்வியைக் கேட்டவளுக்கு, விடைத்தாளைத் திருத்துவது நானாக இருந்தால் அரை மதிப்பெண்ணாவது கொடுத்திருப்பேன். இரண்டும் எப்போதும் சரிதான், ஆனால் ஒப்பிடும்போது எது இரண்டு விளக்குகளுக்கும் பொதுவாக இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொரு விளக்கும் தனிக் கிளையாக மின்மூலத்துடன் இணையும்போது, இரண்டுக்கும் மின்னழுத்தம் பொது, ஆகவே மின்னழுத்த வாய்பாட்டை எடுத்துக்கொண்டால் மின்தடை குறைந்த 100 வாட் விளக்கு கூடுதலாக எரியும். நம் வீட்டு இணைப்பு பக்க இணைப்பு என்பதால்தான் உறையில் அச்சிட்ட எண்ணை நாம் நம்புகிறோம். தொடரிணைப்பில் மின்னோட்டம் பொது, ஆகவே மின்னோட்ட வாய்பாட்டை எடுத்துக்கொண்டால் மின்தடை மிகுந்த 60 வாட் விளக்குதான் கூடுதலாக எரியும். 100 வாட் என்பது 230 வோல்ட் முழுமையாகக் கிடைத்தால் மட்டும் அந்த விளக்கு தரும் திறன், அதன் நெற்றியில் எழுதிய தலையெழுத்து அன்று.

[இரவு 8:36] அருண் அண்ணன்: [படம்] சோதனை முடிந்தது, அத்தை. இரண்டு பல்புகளையும் தொடரிணைப்பில் கொடுத்தவுடன் 60 வாட் பல்பு மஞ்சளாக நன்றாக எரிந்தது, 100 வாட் பல்பில் இழை மட்டும் செம்மண் நிறத்தில் தெரிந்தது. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும், இரண்டுக்கும் நடுவிலும், இரண்டாவதற்குப் பின்னும் மாற்றி வைத்துப் பார்த்தேன், மூன்று இடங்களிலும் 0.22 ஆம்பியர். இடங்களை மாற்றியும் வைத்தேன், எதுவும் மாறவில்லை. 60 வாட் பல்பின் முனைகளுக்கிடையே 165 வோல்ட், 100 வாட் பல்புக்கு 65 வோல்ட், கூட்டினால் சரியாக 230.

[இரவு 8:55] கயல்: அண்ணா, நன்றி. ஆனால் உங்கள் அளவுகள் என் கணக்குடன் பொருந்தவில்லையே. மொத்த மின்தடை 1,411 ஓம் என்பதால் மின்னோட்டம் 0.163 ஆம்பியர்தான் வர வேண்டும், மின்னழுத்தமும் 144க்கும் 86க்கும் பிரிய வேண்டும். மீட்டரில் பிழை இருக்குமோ?

[இரவு 9:02] அருண் அண்ணன்: மீட்டரில் பிழை இல்லை, அடுத்த மீட்டரிலும் பார்த்துவிட்டேன். இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. எரியாத 60 வாட் பல்பைத் தனியே கழற்றி மல்டிமீட்டரில் அதன் மின்தடையை அளந்தேன், வெறும் 65 ஓம். நீயோ 882 என்கிறாய்.

[இரவு 9:05] கயல்: அத்தை, புத்தகம் சரியா, மல்டிமீட்டர் சரியா?

[இரவு 9:27] வள்ளி அத்தை: இரண்டும் சரி. கயல், ஓம் விதியின் கூற்றை இங்கே எழுது, புத்தகத்தைப் பார்க்காமல்.

[இரவு 9:30] கயல்: ஒரு கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டிற்கு நேர்த்தகவில் இருக்கும்.

[இரவு 9:46] வள்ளி அத்தை: இரண்டே சொற்களை விட்டுவிட்டாய், அந்த இரண்டு சொற்களில்தான் அருணின் புதிருக்கு விடை இருக்கிறது. "மாறா வெப்பநிலையில்" என்று தொடங்கினால்தான் அது ஓம் விதி. பாதிப் பிள்ளைகள் அதை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள், மதிப்பெண்ணும் அங்கேதான் போகிறது. டங்ஸ்டன் இழை முழுமையாக எரியும்போது 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பநிலையில் இருக்கிறது, அந்தச் சூட்டில் அதன் மின்தடை 882 ஓம். அறை வெப்பநிலையில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது, அதைத்தான் மல்டிமீட்டர் காட்டியது. தொடரிணைப்பில் இரண்டு இழைகளும் முழுச் சூட்டை எட்டாததால் இரண்டின் மின்தடையும் நீ போட்ட அளவைவிடக் குறைவு, எனவே மின்னோட்டம் 0.163க்குப் பதில் 0.22 ஆனது. 100 வாட் விளக்கு கூடுதலாகக் குளிர்ந்து கிடப்பதால் அதன் மின்தடை இன்னும் மிகுதியாகக் குறைந்து, மின்னழுத்தத்தில் அதன் பங்கும் 86லிருந்து 65க்குச் சரிந்தது. தேர்வில் மின்தடை மாறாது என்று கொண்டு கணக்கிடுவதே வழக்கம், நீயும் அப்படியே செய். ஆனால் "மின்தடை மாறாது எனக் கொள்க" என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்.

[இரவு 9:58] பெரியப்பா: பழைய பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே ஃபியூஸ் ஆகிப் போவதும் இதனால்தான். இழை குளிர்ந்திருக்கும்போது சுவிட்சைப் போட்டவுடன் ஒரு கணம் பல மடங்கு மின்னோட்டம் பாயும், நலிந்த இழை அப்போதுதான் அறும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். எங்கள் தொழிலில் சீரிஸ் லேம்ப் இல்லாமல் ஒரு நாளும் நகராது. பழுது என்று வரும் மிக்ஸியை நேரடியாக பிளக்கில் செருக மாட்டோம், ஒரு 100 வாட் குண்டு பல்புடன் தொடரிணைப்பில் கொடுப்போம். மிக்ஸிக்குள் எங்கோ கம்பி அறுந்திருந்தால் சுற்று மூடாது, பல்பு எரியவே எரியாது. உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் மிக்ஸிப் பக்கம் மின்தடை ஏறக்குறைய இல்லை, 230 வோல்ட்டும் பல்புக்கே விழுந்து முழு வெளிச்சத்தில் எரியும். மங்கலாக எரிந்தால் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அறுபடாமல் இருக்கிறது என்று பொருள், அதற்குப் பிறகுதான் நேரடி இணைப்பு. ஷார்ட் ஆன மிக்ஸியாக இருந்தாலும் பல்பின் மின்தடை இடையில் இருப்பதால், இழை சூடேறும் முதல் கணத்தைத் தவிர அரை ஆம்பியருக்கு மேல் பாயாது, மின்னோட்டம் மிகுந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கடையின் எம்.சி.பி. விழாது. வள்ளி வாய்பாட்டில் சொன்னதை நாங்கள் வெளிச்சத்தில் பார்த்துப் படித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

[இரவு 10:04] வள்ளி அத்தை: அண்ணா, இதை வகுப்பில் நான் சொல்லாமல் போனேனே என்று இருக்கிறது.

[இரவு 10:07] கயல்: பெரியப்பா, ஷார்ட் ஆனால் பல்பு எரியும், அறுந்தால் எரியாது என்பதை வைத்தே ஒரு கேள்வி கேட்கலாம் போலிருக்கிறது. அத்தை, கடைசியாக ஒன்று. 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் இருந்தால் தொகுபயன் மின்தடை 0.5 ஓம் என்று வந்தது. விடை 2 ஓம் என்று இருக்கிறது.

[இரவு 10:15] வள்ளி அத்தை: 1/6, 1/3 என்ற தலைகீழிகளைக் கூட்டிவிட்டு அந்தக் கூட்டுத்தொகையைத் திருப்ப மறந்துவிட்டாய், வேறொன்றுமில்லை. பக்க இணைப்பின் விடை இருப்பதிலேயே சிறிய மின்தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று சரிபார்க்கச் சொல்லித் தருவார்கள், ஆனால் 0.5 அந்தச் சோதனையிலும் தேறிவிடுகிறது பார். இரண்டே மின்தடைகள் என்றால் விடை சிறியதன் பாதிக்குக் கீழே போகவும் கூடாது, ஏனென்றால் இரண்டும் 3 ஓமாக இருந்தால்கூட 1.5 ஓம்தான் வரும். 1.5க்கும் 3க்கும் இடையில் இல்லாத விடையை எழுதியதும் அடித்துவிடு. இப்போது பழைய கேள்விக்கு விடையை முழுமையாக எழுதி அனுப்பிவிட்டு உறங்கப் போ.

[இரவு 10:33] கயல்: விளக்குகளின் மின்தடை மாறாது எனக் கொள்க. 60 வாட் விளக்கின் மின்தடை 882 ஓம், 100 வாட் விளக்கின் மின்தடை 529 ஓம். தொடரிணைப்பில் இரண்டின் வழியேயும் ஒரே மின்னோட்டம் பாய்வதால், அதன் அளவு 230 வகுத்தல் 1,411, அதாவது 0.163 ஆம்பியர். திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கக் கிடைப்பது என்பதால், 60 வாட் விளக்கு வெளியிடும் திறன் 23.4, 100 வாட் விளக்கு வெளியிடும் திறன் 14.1. எனவே 60 வாட் எனக் குறிக்கப்பட்ட விளக்கே கூடுதல் ஒளியுடன் எரியும்.

[இரவு 10:36] வள்ளி அத்தை: 23.4 என்ன? ஓமா, ஆம்பியரா, மாம்பழமா?

[இரவு 10:37] கயல்: வாட், அத்தை.

[இரவு 10:37] வள்ளி அத்தை: அரை மதிப்பெண் குறைத்துவிட்டேன்.