சந்தைக்கு எப்போது போவது? – புதுப்பிப்பு

விவசாயிகள் சந்தையில் சீசன் காய்கள் வாங்க, கடை விரித்ததும் போவதா, கட்டும் நேரத்தில் போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தாயிற்று.

கீரையும் மக்காச்சோளமும் காலையிலேயே. கீரை வெயிலில் வதங்கிவிடும். சோளக்கதிரை ஒடித்ததிலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடுகிறது, சூட்டில் இன்னும் வேகமாக. காம்பின் வெட்டுமுனையைப் பாருங்கள். ஈரப்பசையோடு வெளிறிய பச்சையாக இருந்தால் புதுசு. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் பழசு. தோலை உரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகாதீர்கள், பாவம், அதை அப்புறம் யார் வாங்குவார்கள்? மேலாகத் தடவினாலே மணிகள் விரலுக்குத் தெரியும்.

வெங்காயம், பூசணி, கிழங்கு வகையெல்லாம் கடைசி நேரத்தில் போதும். திருப்பிச் சுமக்க மனமில்லாமல் சிலர் கூடவே நாலு அள்ளிப் போடுவார்கள். எல்லாரும் அல்ல!

தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பழுக்கும்வரை வெளியிலேயே இருக்கட்டும். சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மணம் குறைகிறது. பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கீரையை வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். கேரட்டின் தழையை வந்ததும் நறுக்கிவிடுங்கள், கிழங்கின் ஈரத்தை அது இழுத்துவிடும்.

பேரம் பேசுவதைவிட எனக்குப் பலன் தந்தது ஒரு கேள்விதான்: "அண்ணே, அடுத்த வாரம் தோட்டத்துல என்ன வரும்?" இப்போதெல்லாம் அவரே எடுத்து வைத்துவிடுகிறார்.