சூலூர் ஓடுதளத்தின் கடற்படைக் காலம்

அத்தை, கோத்தகிரி: அண்ணா, குன்னூர்ப் பக்கத்து லேம்ப்ஸ் ராக் பாறைமுனையில் நின்றால் கீழே தெரிகிற சமவெளியில்தான் சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது என்று பேரனிடம் சொன்னேன். போர்க்காலத்தில் அது பிரிட்டிஷ் கடற்படையிடம் இருந்ததாக அவன் பள்ளியில் கேட்டு வந்திருக்கிறான். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை?

பெரியப்பா, குன்னூர்: அவன் கேட்டு வந்தது உண்மைதான், அம்மிணி. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டதோடு, ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. கரையோரத்தில் எதை வைத்தாலும் பாதுகாப்பில்லை என்ற அச்சம் பரவியிருந்த அந்தக் காலத்தில்தான், கப்பல்களிலிருந்து பறக்கும் விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை கோவைப் பீளமேட்டில், இன்றைய பயணிகள் விமான நிலையம் இருக்கும் இடத்தில், கடற்படைக்காக அமைந்தது. அதற்குக் கருடா என்று பெயர். சூலூர்த் தளம் 1945இல் வைரி என்ற பெயரில் சேர்ந்துகொண்டது.

தம்பி: உள்நாட்டில் எத்தனையோ ஊர்கள் இருக்கும்போது கோவையை ஏன் எடுத்தார்கள், பெரியப்பா?

பெரியப்பா, குன்னூர்: கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலிலேயே வந்து சேரும், மலையேற வேண்டியதில்லை. இன்னொரு காரணம் என் கணிப்பு. நம் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930களிலேயே கீழே இறங்கி, கோவை மில்களையும் அவற்றைச் சுற்றி முளைத்த பட்டறைகளையும் ஓட்டத் தொடங்கிவிட்டது. லேத்தும் ஃபவுண்டரியும் தெரிந்த ஆட்கள் அவ்வளவு பேர் தென்னிந்தியாவில் வேறெங்கே ஒன்றாகக் கிடைத்திருப்பார்கள்?

தம்பி: போர் முடிந்தபின் அந்த விமானங்கள் என்ன ஆயின?

பெரியப்பா, குன்னூர்: இரண்டு தளங்களையும் 1946இல் மூடிவிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்காவிடம் கடன்-குத்தகை முறையில் பெற்றிருந்த விமானங்களை, போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் அல்லது விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டும் வேண்டாமென்று ஏராளமான நல்ல விமானங்களைப் பல இடங்களில் கடலில் தள்ளினார்கள். அத்தனை பேரின் உழைப்பு அப்படிப் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அத்தை, கோத்தகிரி: அப்படியானால் சூலூரின் கடற்படைக் கதை அத்துடன் முடிந்ததா?

பெரியப்பா, குன்னூர்: இல்லை, பலர் மறந்துவிடும் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்தியக் கடற்படை தன் ஜெட் விமானப் பிரிவை 1958இல் சூலூரில்தான் தொடங்கியது. 1961 செப்டம்பரில் அது ஐ.என்.எஸ். ஹன்சா என்ற தளமாயிற்று. அதே டிசம்பரில் கோவா விடுதலை பெற்றதால் கடற்படைக்குக் கடலோரத்திலேயே தபோலிம் ஓடுதளம் கிடைத்தது. 1964இல் ஹன்சா அங்கே குடிபெயர்ந்தது. 1971 போரில் விக்ராந்த் கப்பலிலிருந்து எழுந்து காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய சீ ஹாக் விமானங்களின் படைப்பிரிவுக்கு, தொடக்க ஆண்டுகளில் கரைத்தளமாக இருந்தது நம் சூலூர்.

தம்பி: தேஜஸ் போர் விமானம் மட்டுமே சூலூரின் பெருமை என்று நினைத்திருந்தேன்.

பெரியப்பா, குன்னூர்: தேஜஸ் படைப்பிரிவு 2018இல்தான் அங்கே வந்தது, கண்ணு. அம்மிணி, பேரனுக்குச் சொல்லும்போது ஹன்சாவையும் சேர்த்துச் சொல். கருடா என்ற பெயரையும் நம் கடற்படை விடவில்லை. 1953 முதல் கொச்சியில் உள்ள விமானத்தளத்துக்கு அதுதான் பெயர்.